பாதி வழியில் ஒரு வேலை

செயின்ட் லூயிஸ் நகரத்தில் நான்காவது தெருவும் வாஷிங்டன் அவென்யூவும் சந்திக்கும் முனையில் போன மாதம் ஒரு மதியம் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். மிசிசிப்பி அங்கிருந்து கூப்பிடு தூரம். 1850களில் இந்த முனையில் இருந்த ஒரு தேவாலயத்தை மோர்மன்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மேலே வழிபாடு நடக்கும். கீழ்த்தளத்தில், அன்றைக்குப் படகை விட்டு இறங்கிய குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு தங்கும். வாடகைக்கு ஒரு அறை கிடைக்கிறவரை, கைக்கு ஒரு வேலை கிடைக்கிறவரை அங்கே இருக்கலாம்.

மோர்மன்களின் மேற்குப் பயணம் என்றால் அமெரிக்காவில் எல்லோருக்கும் மூடுவண்டியும் மாடுகளும் பனிமலையும்தான் நினைவுக்கு வரும். சிலைகளும் அதற்குத்தான். எனக்கோ அந்தக் கீழ்த்தளம்தான் மனதில் நிற்கிறது. ஏன் என்று சொல்ல என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் இந்த ஊருக்கு வந்தது கணவரின் வேலைக்காக. எச்4 விசா. சென்னையில் ஆறு வருஷம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள், இங்கே ஒரு பைசா சம்பாதிக்க அனுமதி இல்லாமல் நான்கு வருஷம் வீட்டில் இருந்தேன். அப்புறம் அனுமதி வந்தது. வந்த அன்று சந்தோஷத்தைவிட பயம்தான் அதிகம். நான்கு வருஷ இடைவெளியை விண்ணப்பத்தில் எப்படி எழுதுவது? பக்கத்துக் குடியிருப்பில் இருந்த மதுரைக்கார அக்கா ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தார். "நீ சொல்லும்மா, நான் எழுதுறேன். எதையும் விடாதே, கோயில் அன்னதானத்துக்குக் கணக்கு எழுதினியே, அதுவும் வேலைதான்" என்றார். மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரம் இல்லையென்றால் நான் இன்னும் வீட்டிலேயே இருந்திருப்பேன் என்று உண்மையாகவே நம்புகிறேன்.

இப்போது சனிக்கிழமை காலைகளில் நான் அதே வேலையைச் செய்கிறேன். புதிதாக வந்த அகதிக் குடும்பங்களுக்கு வேலை விண்ணப்பம் நிரப்பித் தருகிற ஒரு சிறிய குழு. அங்கே போக ஆரம்பித்த பிறகுதான், இந்த ஊரில் இதற்கு முன்னால் இதைச் செய்தவர்கள் யார் என்று தேடிப் படித்தேன். தேட ஆரம்பித்தது மோர்மன்களில் கொண்டுபோய் விட்டது.

முதலில் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். இந்த ஊர் இருக்கிற மிசூரி, மோர்மன்களை அடித்துத் துரத்திய மாநிலம். 1838 அக்டோபர் 27 அன்று ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ் பிறப்பித்த உத்தரவு, அவர்களை எதிரிகளாகவே நடத்த வேண்டும், ஒழித்துக்கட்ட வேண்டும் அல்லது மாநிலத்தை விட்டே விரட்ட வேண்டும் என்றது. அந்த உத்தரவு 1976 ஜூனில்தான் முறையாக ரத்தானது. ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேல் ஏட்டில் கிடந்திருக்கிறது. அந்தக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் கிழக்கே நடந்து மிசிசிப்பியைத் தாண்டி இல்லினாய் பக்கம் போனார்கள். அவர்கள் சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித் சிறையில். அவர் மனைவி எம்மா குழந்தைகளோடு உறைந்த ஆற்றின்மேல் நடந்து கரை சேர்ந்தார்.

அவர்கள் போய்ச் சேர்ந்த ஊர் குவின்ஸி. இங்கிருந்து காரில் இரண்டரை மணி நேரம் இருக்கும். அன்றைக்கு அங்கே மொத்தமே 1,500 பேர் சுமார். வந்து இறங்கியதோ 5,000 பேருக்கு மேல். 1839 பிப்ரவரியில் அந்த ஊரின் ஜனநாயகச் சங்கம் கூடித் தீர்மானம் போட்டது. அதைப் படித்தபோது நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உணவு, உறைவிடம், ஆறுதல் என்று யாரும் சொல்லக்கூடியதைச் சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு விஷயங்களைச் சேர்க்கிறார்கள். உழைக்கத் தெம்புள்ளவர்களுக்கு வேலை தேடித் தர வேண்டும் என்பது ஒன்று. இன்னொன்று, நம் ஊர்க் கூலிக்காரர்களின் கூலியைக் குறைக்க இவர்களைக் கொண்டுவரவில்லை, பட்டினியில் சாகாமல் இருக்க ஏதாவது கிடைக்கட்டும் என்றுதான் செய்கிறோம், இதை ஊராருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது.

இந்த இரண்டாவது வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வந்தவனுக்கு வேலை கொடுத்தால் இருப்பவன் வயிற்றில் அடிபடுமோ என்ற பயம் இன்றைக்கும் எல்லா ஊரிலும் உண்டு. அதை இல்லாததுபோல் பாவனை செய்யாமல், பயந்தவர்களைத் திட்டாமல், நேராக எடுத்துப் பேசியிருக்கிறார்கள். வேலை தேடித் தருவதில் பாதி, வேலை கொடுக்கப் போகிறவர்களிடமும் அவர்களுடைய அக்கம்பக்கத்தாரிடமும் பேசுவதுதான். சனிக்கிழமை வேலையில் எனக்கு இது புரிய இரண்டு வருஷம் ஆனது. குவின்ஸிக்காரர்களுக்கு ஒரே கூட்டத்தில் புரிந்திருக்கிறது.

சரி, செயின்ட் லூயிஸுக்கு வருகிறேன்.

குவின்ஸிக்குப் பிறகு மோர்மன்கள் கட்டிய நாவூ என்ற ஊரிலும் நிம்மதி கிடைக்கவில்லை. ஜோசப் ஸ்மித் 1844-இல் கொல்லப்பட்டார். 1846 பிப்ரவரியில், அவருக்குப் பின் வந்த பிரிகாம் யங் தலைமையில் மேற்கே கிளம்பினார்கள். அந்தப் பயணமே கூலி வேலையால்தான் நகர்ந்தது என்று சொல்லலாம். அயோவாவைக் கடக்கும்போது வழியில் இருந்த பண்ணைகளில் வேலிக்கு மரம் பிளந்து கொடுத்துச் சோளம் வாங்கினார்கள். வில்லியம் பிட் என்பவரின் பித்தளை வாத்தியக் குழு கியோசாக்வா என்ற சின்ன ஊரில் கச்சேரி நடத்திக் காசு சேர்த்தது. சில மாதம் கழித்துச் சுமார் 500 ஆண்கள் அமெரிக்கப் படையில் சேர்ந்தார்கள். அந்தச் சம்பளம் பின்னால் வந்த குடும்பங்களுக்கு உதவியது. 1847 ஜூனில் முதல் குழு வடக்கு பிளாட் ஆற்றைத் தாண்டியதும் அங்கேயே சிலரை நிறுத்தி ஒரு பரிசல்துறை ஆரம்பித்தது. ஆரிகன் போகிறவர்களின் வண்டியை அக்கரை சேர்க்க ஒன்றரை டாலர். அதையும் பெரும்பாலும் மாவாக வாங்கிக்கொண்டார்கள். நடுக்காட்டில் காசை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதெல்லாம் அமெரிக்காவில் ஏற்கெனவே இருந்தவர்கள் கதை. 1840களின் கடைசியில் கடல் கடந்து வந்தவர்கள் கதை வேறு. லங்காஷயர் நெசவாளர்கள், ஸ்டாஃபோர்ட்ஷயர் மண்பாண்டத் தொழிலாளர்கள், வேல்ஸின் சுரங்கத் தொழிலாளர்கள். லிவர்பூலில் கப்பலேறி நியூ ஆர்லியன்ஸில் இறங்கி, நீராவிப் படகில் ஒரு வாரத்துக்கு மேல் மிசிசிப்பியில் எதிர்நீச்சலாக வந்தால் செயின்ட் லூயிஸ். பலருக்குக் கையிருப்பு இதோடு சரி. அவர்கள் போய்ச் சேர வேண்டிய உப்பு ஏரிப் பள்ளத்தாக்குக்கு, அதாவது சால்ட் லேக் சிட்டி இருக்கும் இடத்துக்கு, இன்னும் 2,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. வண்டி வாங்க வேண்டும், மாடு வாங்க வேண்டும், மூன்று மாதத்துக்கு மாவு வாங்க வேண்டும். அதனால் இறங்கி வேலை தேடினார்கள். ஒரு குளிர்காலம் என்று நினைத்து இறங்கியவர்கள் இரண்டு, மூன்று வருஷம் இருந்துவிட்டார்கள்.

வேலை என்ன? இந்த ஊரின் கிராவாய் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்கள் பிரிட்டிஷ் சுரங்கக்காரர்களுக்குப் பழகிய வேலை. அங்கேயே ஒரு தனிச் சபை உருவாகிற அளவுக்கு ஆட்கள் சேர்ந்தார்கள். பெண்கள் வீட்டு வேலைக்கும் தையலுக்கும் போனார்கள். 1849 மே 17 இரவு ஒரு படகில் பிடித்த தீ பரவி 23 நீராவிப் படகுகளும் ஊரின் நடுப்பகுதியில் பதினைந்து தெருக்கட்டுகளும் எரிந்தன. கொத்தனார், தச்சர், செங்கல் சுமப்பவர் எல்லோருக்கும் ஆள் தேவை. அதே கோடையில் காலரா வந்து ஊரில் ஏறக்குறைய பத்தில் ஒருவரைக் கொண்டுபோனது. வந்த வேகத்தில் செத்தவர்களில் மோர்மன் குடும்பங்களும் நிறைய. வேலை தேடிக் காத்திருந்த ஊரிலேயே கணவனைப் புதைத்துவிட்டுக் குழந்தைகளோடு மேற்கே கிளம்பிய பெண்களை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஆச்சரியம் என்னவென்றால், விரட்டிய மாநிலத்தின் பெரிய நகரமே அவர்களுக்குப் புகலிடமானது. துறைமுக ஊர் அப்படித்தான். ஜெர்மானியர், அயர்லாந்துக்காரர், எல்லோரும் இறங்குகிற இடத்தில் ஒருவனின் மதத்தைக் கிண்டிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? ஆனால் இதை எழுதும்போது இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். அதே படகுத்துறையில் அடிமைகள் கூலியில்லாமல் சுமை தூக்கினார்கள். நான்காவது தெருவில் நான் நின்ற முனையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் பழைய நீதிமன்றத்தில்தான் 1847-இலும் 1850-இலும் அடிமையாக இருந்த டிரெட் ஸ்காட் தன் விடுதலைக்காக வழக்காடினார். இங்கிலாந்துச் சுரங்கக்காரருக்குக் கிடைத்த அந்தச் சுதந்திரமான கூலி, பக்கத்தில் நின்ற மனிதருக்கு இல்லை. மேற்கே அவர்கள் தேடிப் போன நிலமும் ஷோஷோனி, யூட் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். உதவியின் கதையைச் சொல்லும்போது இதைத் தள்ளிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

1849-இல் சால்ட் லேக் சிட்டியில் நிரந்தரக் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அங்கே போய்ச் சேர்ந்த ஏழைகள் சுமார் 5,000 டாலர் திரட்டிக் கிழக்கே அனுப்பினார்கள். அவர்களே தகரக் கூரைக்கு வழியில்லாமல் இருந்த காலம். யோசனை எளிது. கடனாகக் கொடு, போய்ச் சேர்ந்ததும் உழைத்து அடைக்கட்டும், அந்தப் பணத்தில் அடுத்தவன் வரட்டும். கடன் பத்திரத்தில் ஒரு கடுமையான வாசகம் உண்டு. முழுச் செலவும் அடைகிறவரை என்னையும் என் நேரத்தையும் என் உழைப்பையும் நிதியின் பொறுப்பில் விடுகிறேன், கேட்டால் வட்டியும் தருகிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். படிக்கும்போது எனக்கு நெருடியது. இப்படி ஒரு காகிதத்தை நான் இன்றைக்கு யாரிடமும் நீட்ட மாட்டேன். ஆனால் நடந்தது என்ன? பெரும்பாலோரால் அடைக்க முடியவில்லை. 1880-இல் பாக்கி வட்டியோடு சுமார் 16 லட்சம் டாலருக்கு ஏறியிருந்தது. சபையின் ஐம்பதாவது ஆண்டு என்று சொல்லி அதில் பாதியைத் தள்ளுபடி செய்தார்கள், முடியாத ஏழைகளுக்கு. 1887-இல் அமெரிக்க நாடாளுமன்றச் சட்டம் ஒன்று அந்த நிதியையே கலைத்தது. அதற்குள் ஏறக்குறைய 30,000 பேர் அதன் உதவியால் வந்து சேர்ந்திருந்தார்கள்.

பள்ளத்தாக்கில் கடனை அடைக்கவும் வேலைதான் வழி. ஆலய வளாகத்தில் தச்சுப் பட்டறை, கொல்லுப் பட்டறை என்று பொதுப்பணிகள் நடத்தினார்கள். கூலியைப் பெரும்பாலும் தானியமாகவும் பொருளாகவும் கொடுத்தார்கள். உழைக்கத் தெம்புள்ளவனுக்குச் சும்மா கொடுப்பது அவனுக்கே நல்லதில்லை என்பது பிரிகாம் யங்கின் உறுதியான கொள்கை. நான் இதில் முழுக்க உடன்படவில்லை. சில மாதம் சும்மா கொடுத்தால்தான் எழுந்து நிற்கக்கூடியவர்கள் உண்டு, நான் பார்த்திருக்கிறேன். ஆனால் சும்மா வாங்கிக்கொண்டிருப்பது ஒருவரை எப்படிக் கூனிக் குறுக வைக்கும் என்பதையும் அந்த நான்கு வருஷத்தில் என் உடம்பிலேயே தெரிந்துகொண்டேன்.

செயின்ட் லூயிஸில் 1854 நவம்பரில் எராஸ்டஸ் ஸ்னோ வந்து பொறுப்பேற்றார். 'லூமினரி' என்று ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். நான் முதலில் சொன்ன தேவாலயக் கீழ்த்தளம் அந்தக் காலத்துக் காட்சிதான். அடுத்த வருஷம், 1855-இல், கான்சஸ் பக்கம் அட்சிசன் ஊருக்கு மேற்கே மோர்மன் குரோவ் என்ற தங்குமிடத்தை அமைத்தார்கள். வண்டிகள் புறப்படுகிற இடம். அதை ஒட்டி ஏறக்குறைய 150 ஏக்கர் நிலத்தைப் பள்ளம் வெட்டி வரப்பு போட்டு வளைத்துப் பண்ணையாக்கினார்கள். அந்த வருஷம் போக வசதி இல்லாதவர்கள் உழுது விதைத்து அங்கேயே பிழைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அந்த ஒரு கோடையில் சுமார் 2,000 பேர் அங்கிருந்து மேற்கே போனார்கள்.

அப்படிப் போன குழுக்களில் ஒன்றின் தலைவர் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ரிச்சர்ட் பாலன்டைன். ஸ்காட்லாந்தில் ரொட்டி சுடும் தொழில் பார்த்தவர், சால்ட் லேக்கில் 1849-இல் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர். அவர் 1853 ஜூலையில் வந்து இறங்கிய ஊர் நம் மதராஸ். ஒரு வருஷம் அங்கே துண்டுப் பிரசுரம் அச்சடித்து விநியோகித்துப் பிரசங்கம் செய்து பார்த்தார். சேர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். 1854-இல் மதராஸிலிருந்து இங்கிலாந்து போய், 1855 ஜனவரியில் லிவர்பூலிலிருந்து சார்லஸ் பக் என்ற கப்பலில் 400 பேர் போல அழைத்துக்கொண்டு நியூ ஆர்லியன்ஸ் வழியாக வந்து, மோர்மன் குரோவிலிருந்து ஜூலை தொடக்கத்தில் கிளம்பி, செப்டம்பர் 25 அன்று சுமார் 400 பேரோடு சால்ட் லேக் சேர்ந்தார். வங்காள விரிகுடாவின் கரையில் யாரும் கேட்காமல் பேசிய மனிதர், அடுத்த வருஷம் புல்வெளியில் அத்தனை குடும்பங்களை நடத்திக்கொண்டு போகிறார். மதராஸ் வெயிலில் ஒரு வருஷம் இருந்தவருக்கு, கான்சஸ் ஜூலை எப்படி இருந்திருக்கும் என்று கேட்க ஆசையாக இருக்கிறது.

எல்லாப் பயணமும் அப்படிச் சேரவில்லை. 1852-இல் சாலூடா என்ற படகு. பழைய படகு, ஒருமுறை மூழ்கித் தூக்கி நிறுத்தப்பட்டது. வாடகை குறைவு என்பதால் அதை அமர்த்தினார்கள். கிட்டத்தட்ட 90 மோர்மன்கள் ஏறினார்கள். மிசூரி ஆற்றில் லெக்சிங்டன் ஊருக்கு அருகே வெள்ளமும் பனிக்கட்டியும் எதிர்த்துத் தள்ள, அந்த வளைவைத் தாண்ட முடியாமல் நாள்கணக்கில் திணறியது. ஏப்ரல் 9, பெரிய வெள்ளிக்கிழமை காலை கொதிகலனில் அழுத்தத்தை ஏற்றி மறுபடி முயன்றபோது வெடித்துச் சிதறியது. 75 பேருக்கு மேல் இறந்தார்கள். லெக்சிங்டன் மக்கள் காயப்பட்டவர்களை வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள், புதைக்க இடம் கொடுத்தார்கள், பணம் திரட்டினார்கள். பெற்றோரை இழந்த சில குழந்தைகளைத் தங்கள் குழந்தைகளாகவே வளர்த்தார்கள். பதினான்கு வருஷத்துக்கு முன் இவர்களை விரட்டிய அதே மிசூரி. நான் அந்த ஊருக்குப் போயிருக்கிறேன். ஆற்றின் போக்கே இப்போது தள்ளிப் போய்விட்டது. பூங்காவில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அதில் பொறித்த பெயர்களை வாய்விட்டுப் படித்தேன், யாராவது படிக்க வேண்டும் என்று தோன்றியது.

அந்தப் படகு இவ்வளவு மலிவாக இருந்திருக்காவிட்டால், அல்லது அந்தக் குடும்பங்கள் செயின்ட் லூயிஸில் இன்னும் ஒரு பருவம் வேலை பார்த்து நல்ல படகுக்குக் காசு சேர்த்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1856 கைவண்டிப் பயணத்திலும் இதே கேள்விதான் எனக்கு. செலவைக் குறைக்க மாடில்லாமல் தள்ளுவண்டியில் கிளம்பியவர்கள். தாமதமாகப் புறப்பட்ட வில்லி, மார்ட்டின் குழுக்களில் ஏறக்குறைய 1,000 பேரில் 200-க்கும் மேல் வயோமிங் பனியில் இறந்தார்கள். அந்த வருஷம் போக வேண்டாம், குளிர்காலத்துக்கு இங்கேயே தங்கிவிடலாம் என்று லீவை சாவேஜ் என்பவர் கண்ணீரோடு சொன்னார். கேட்கவில்லை என்றதும் அவரும் கூடவே நடந்தார். காத்திருப்பதை அவமானமாகவோ விசுவாசக் குறைவாகவோ நினைத்தது பெரிய தவறு. பாதி வழியில் நின்று வேலை பார்ப்பதும் பயணத்தின் பகுதிதான் என்று செயின்ட் லூயிஸில் தங்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1855-க்குப் பிறகு, நோய்க்குப் பயந்து நியூ ஆர்லியன்ஸ் வழியைக் கைவிட்டு நியூயார்க், பாஸ்டன், பிலடெல்பியா வழியாக வரச் சொல்லிவிட்டார்கள். செயின்ட் லூயிஸின் முக்கியத்துவம் குறைந்தது. சிலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். கிராவாய் சாலை மட்டும் அதே பெயரில் இருக்கிறது. 1990களில் போருக்குத் தப்பி வந்த போஸ்னியர்கள் ஆயிரக்கணக்கில் குடியேறியது அந்தச் சாலையை ஒட்டித்தான். இடிந்துகொண்டிருந்த கடைகளை எடுத்து ரொட்டிக்கடை, காப்பிக்கடை என்று நிரப்பினார்கள்.

எங்கள் சனிக்கிழமை அறைக்குப் போன வருஷம் ஒரு ஆப்கானியர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். மொழிபெயர்க்க மகன், பன்னிரண்டு வயது. விண்ணப்பத்தில் 'கடைசியாகச் செய்த வேலை' என்ற இடத்தில் நின்றுவிட்டோம். பையனுக்கு அந்த வேலைக்கு இங்கிலீஷ் வார்த்தை தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார், "அனுமதி உண்டா" என்பதுபோல் தலையசைத்து, மேசையில் தொங்கிய என் துப்பட்டாவின் ஓரத்தை இரண்டு விரலால் எடுத்தார். பீக்கோ அடித்த ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். நகத்தால் ஒரு நூலை லேசாகத் தூக்கினார், அது அப்படியே பிரிந்து வந்தது. தலையை ஆட்டினார், நல்லா இல்லை என்று. பிறகு கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, இல்லாத ஊசியால் காற்றில் நான்கு தையல் போட்டுக் காட்டினார். ஒரே அளவில், ஒரே சாய்வில் நான்கு.

தையல்காரர் என்று எழுதினேன். எத்தனை வருஷம் என்று கேட்டேன். முப்பத்திரண்டு.

அந்த விண்ணப்பத்தை விட்டுவிட்டு, மணப்பெண் உடைகள் திருத்தித் தரும் ஒரு கடைக்கு நேரே கூட்டிக்கொண்டு போனேன். கடைக்கார அம்மாவிடம் நான் பேசியது ஐந்து நிமிடம். மீதியை அவர் விரல்களே பேசின. அங்கே ஏற்கெனவே வேலை பார்த்த இரண்டு பெண்களிடமும் கடைக்கார அம்மாவே போய், உங்கள் நேரத்தைக் குறைக்க மாட்டேன், வேலை தேங்கிக் கிடக்கிறது, அதற்குத்தான் என்று சொன்னார். குவின்ஸித் தீர்மானம் எனக்கு அங்கேதான் நினைவுக்கு வந்தது.

பதினான்கு மாதம் அங்கே இருந்தார். போன மாதம் பையன் போன் செய்தான். சாக்ரமென்டோவில் சித்தப்பா இருக்கிறார், அங்கே போகிறோம், அப்பா பழைய வேன் ஒன்று வாங்கிவிட்டார் என்றான். அவர்கள் கிளம்பிய காலையில் இட்லிப்பொடி தடவிய இட்லியும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு போனேன். வேனின் பின்பக்கம் தையல் மெஷின் போர்வையில் சுற்றிக் கயிறு கட்டி வைத்திருந்தது. பையன் போனில் வழியைக் காட்டினான். கான்சஸ் சிட்டி, அப்புறம் வடக்கே திரும்பி நெப்ராஸ்கா, பிளாட் ஆற்றை ஒட்டியே மேற்கு, வயோமிங், சால்ட் லேக் சிட்டி. மூன்று நாள் ஆகும் என்றான்.

அவன் அப்பா ஒரு பிளாஸ்டிக் பையை என் கையில் கொடுத்தார். உள்ளே என் துப்பட்டா. அதற்கு முந்தின வாரம் பையனிடம் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டார், எதற்கென்று சொல்லவில்லை. பீக்கோவை முழுக்கப் பிரித்துவிட்டு, நான்கு பக்கமும் கையாலேயே மடித்துத் தைத்திருந்தார். வேன் திருப்பத்தில் மறைந்த பிறகு அங்கேயே நின்று, நகத்தால் ஒரு நூலை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.